ஊதா நிறப் பாக்டீரியாவும் 16 எழுத்து முகவரியும்

ஜொகூரின் அன்னாசி பற்றிப் பொந்தியான் வட்டார மாணவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அங்கே ஓர் ஊருக்கே பெக்கான் நானாஸ், அதாவது ‘அன்னாசிப் பட்டணம்’ என்று பெயர். பழத்தைத் தொழிற்சாலையில் பதப்படுத்தும்போது தோலும் சாறும் கழிவாக மிஞ்சும். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (யுடிஎம்) ஆய்வாளர்கள் அந்தக் கழிவுச் சாற்றில் ஒரு பாக்டீரியாவை வளர்த்தார்கள். அது சாற்றைத் தின்று வளர்ந்து, கண்ணைப் பறிக்கும் ஊதா நிறச் சாயத்தைத் தயாரித்துக் கொடுத்தது.

பாக்டீரியாவின் பெயர் குரோமோபாக்டீரியம் வயலேசியம். சாயத்தின் பெயர் வயலசின். பேராசிரியர் வான் அஸ்லினா அகமட்டும் அவருடைய குழுவினரும் இத்தகைய பாக்டீரியாச் சாயங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2012-இல் ஒரு நூலையே வெளியிட்டார்கள். ‘யுடிஎம்5’ என்று பெயரிட்ட தங்கள் பாக்டீரியாவை அன்னாசிக் கழிவில் வளர்த்துச் சாயம் எடுத்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது.

இந்தப் பாக்டீரியாவிடம் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. ஒன்றிரண்டாக இருக்கும்போது அது சாயம் தயாரிப்பதில்லை. கூட்டம் பெருகிய பிறகே ஊதா நிறம் தெரியும். கண்ணும் காதும் இல்லாத ஒற்றைச் செல் உயிருக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று எப்படித் தெரிகிறது? தெரிந்ததும், எந்த மரபணுவை எழுப்ப வேண்டும் என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடக் கணினி உதவியது. அது எப்படி என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

பாக்டீரியாக்களின் ‘கோரம்’

உங்கள் பள்ளிக் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்கள் வராவிட்டால் கூட்டம் நடக்காது. ‘கோரம் இல்லை’ என்று ஒத்திவைத்துவிடுவார்கள். பாக்டீரியாக்களும் இப்படித்தான் தலைகளை எண்ணுகின்றன.

ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறிய மூலக்கூறைத் தயாரித்து வெளியே விடுகிறது. அதைத் தயாரிக்கும் நொதிக்குச் சிவிஐ என்று பெயர். கூட்டம் குறைவாக இருந்தால் மூலக்கூறு தண்ணீரில் கரைந்து போய்விடும். கூட்டம் பெருகப் பெருக, அதன் அடர்த்தியும் கூடும். அப்போது செல்லுக்குள் இருக்கும் சிவிஆர் என்ற புரதம் அந்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் அது விழித்துக்கொண்டு, டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் போய் உட்காருகிறது. அது உட்கார்ந்த இடத்துக்கு அடுத்துள்ள மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது. வயலசின் சாயத்துக்கான மரபணுக்கள் இப்படித்தான் எழுப்பப்படுகின்றன.

புரதம் உட்காரும் இடத்தைப் ‘பிணைப்பிடம்’ என்கிறோம். டிஎன்ஏ என்ற நீண்ட கடிதத்தில் அது ஒரு முகவரி போன்றது. முகவரி தெரிந்தால், அந்தப் புரதம் எந்தெந்த மரபணுக்களை ஆள்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

இந்தப் பாக்டீரியா நம் நாட்டு மண்ணிலும் ஆற்று நீரிலும் வாழ்கிறது. பெரும்பாலும் நம்மை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் எப்போதாவது காயத்தின் வழியே உடலுக்குள் நுழைந்து இரத்தத்தில் பரவிவிட்டால், நோய் மிக வேகமாக முற்றும், பலர் உயிரிழந்திருக்கிறார்கள். மனிதருக்கு இந்நோய் வந்ததாகப் பதிவான முதல் நிகழ்வு 1927-இல் மலாயாவில்தான்.

1950-களின் தொடக்கத்தில் பீட்டர் ஸ்னீத் என்ற ஆங்கிலேயர் மலாயாவில் இராணுவ மருத்துவராக இருந்தார். இந்தப் பாக்டீரியா ஓர் உயிரைப் பறித்த நிகழ்வை அவரும் அவருடைய சகாக்களும் 1953-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் இந்த இனத்துக்கு முன்மாதிரியாக வைத்திருக்கும் பாக்டீரியா வகையின் எண் ஏடிசிசி 12472. அது பகாங் மாநிலத்தின் மெந்தகாப்பில், நன்னீரிலிருந்து எடுக்கப்பட்டது! ஊர் திரும்பிய ஸ்னீத், 1957-இல் கணினியைக் கொண்டு பாக்டீரியாக்களை வகைப்படுத்தும் முறையை முன்வைத்தார். கணினி என்றாலே ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆக, ஒரே பாக்டீரியா ஒரு பக்கம் சாயம் தருகிறது. இன்னொரு பக்கம் உயிரை எடுக்கிறது. சாயம் கூடுதலாக வேண்டுமென்றால் அதன் சுவிட்ச் எங்கே என்று தெரிய வேண்டும். நோயை அடக்க வேண்டுமென்றாலும் அதே சுவிட்சைத்தான் தேட வேண்டும்.

55 நாள் வேலை

மெந்தகாப்பிலிருந்து போன அந்தப் பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகுதியையும் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2003-இல் படித்து வெளியிட்டார்கள். அமேசான் காட்டின் ரியோ நீக்ரோ ஆற்றில் இந்த இனம் ஏராளம் என்பதால் அவர்களுக்கு அதில் ஆர்வம். மொத்தம் 4,751,080 எழுத்துகள். ஏறத்தாழ 4,400 மரபணுக்கள். எழுத்து வகைகளோ நான்கே நான்கு: ஏ, டி, ஜி, சி.

இதில் 16 எழுத்து நீளமுள்ள ஒரு முகவரியைத் தேட வேண்டும். நீங்கள் ஒரு நொடிக்கு ஓர் இடம் என்று பார்த்துக்கொண்டே போனால், உண்ணாமல் உறங்காமல் 55 நாள் ஆகும். கணினி சில நொடிகளில் முடித்துவிடும். அப்படியானால் பிரச்சினையே இல்லையே என்று தோன்றும். பிரச்சினை வேகத்தில் இல்லை. எதைத் தேடச் சொல்வது என்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெவின் ஸ்டாஃப், போனி பாஸ்லர் ஆகிய இருவரும் இதற்கு விடை கண்டு 2011-இல் வெளியிட்டார்கள். சிவிஆர் ஆள்வதாக ஏற்கெனவே தெரிந்த ஒரு மரபணுவின் முன்பகுதியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றி, மாற்றிய பிறகு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். ஓர் எழுத்தை மாற்றியதும் வேலை படுத்துவிட்டால் அது முக்கியமான எழுத்து. மாற்றியும் ஒன்றும் ஆகவில்லையென்றால் அந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் சரிதான். இப்படிக் கிடைத்த முகவரி இதுதான்:

சி டி ஜி ○ சி சி ○ ○ ○ ○ ஜி ஜி ○ சி ஏ ஜி

வட்டமுள்ள இடத்தில் எந்த எழுத்தும் வரலாம். எண்ணிப் பாருங்கள்: மொத்தம் 16 இடங்கள், அவற்றில் 10 இடங்களுக்குத்தான் குறிப்பிட்ட எழுத்து வேண்டும்.

டிஎன்ஏவின் விகடகவி

இந்த முகவரியில் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. ‘விகடகவி’யைத் திருப்பிப் படித்தாலும் விகடகவிதான். டிஎன்ஏவிலும் இப்படி உண்டு. ஆனால் விதி கொஞ்சம் வேறு. டிஎன்ஏ இரட்டை இழை. ஒரு இழையில் ஏ இருந்தால் எதிர் இழையில் டி. ஜி இருந்தால் எதிரே சி. மேலே உள்ள முகவரியைப் பின்னாலிருந்து படித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் ஜோடியை எழுதிப் பாருங்கள். அதே முகவரி திரும்பக் கிடைக்கும்!

இது தற்செயல் அல்ல. சிவிஆர் புரதம் தனியாக உட்காருவதில்லை. இரண்டு சேர்ந்து ஜோடியாகத்தான் டிஎன்ஏவைப் பிடிக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரியான கைகள் என்பதால், பிடிக்க வேண்டிய இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி இருக்கின்றன. டிஎன்ஏ சுருள் படிக்கட்டு ஏறத்தாழ 10 எழுத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. முகவரியின் முதல் பாதியின் நடுவிலிருந்து இரண்டாம் பாதியின் நடு வரை எண்ணினாலும் 10 எழுத்துதான். எனவே இரண்டு பாதிகளும் படிக்கட்டின் ஒரே பக்கத்தில் அமைகின்றன. புரத ஜோடி ஒரு பக்கமாக நின்றே இரண்டையும் எட்டிப் பிடிக்கலாம்.

தற்செயல் என்ற எதிரி

சரி, முகவரி கிடைத்துவிட்டது. கணினியிடம் கொடுத்து, பொருந்தும் இடங்களைப் பட்டியல் போடச் சொன்னால் போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான்கு எழுத்துகளும் சமமாக வருகின்றன என்று வைத்துக்கொண்டால், ஓர் இடத்தில் வேண்டிய எழுத்து தற்செயலாக வர வாய்ப்பு 4-இல் 1. பத்து இடங்களும் பொருந்த வேண்டுமானால் 4-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: 1,048,576-இல் 1. நம் மரபணுத்தொகுதியில் 47 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. எனவே எந்தப் பொருளும் இல்லாமல், வெறும் தற்செயலாகவே 4 அல்லது 5 இடங்கள் பொருந்திவிடும்.

ஆனால் இந்தப் பாக்டீரியாவில் எழுத்துகள் சமமாக இல்லை. ஜியும் சியும் சேர்ந்து ஏறத்தாழ 65 விழுக்காடு. அதாவது ஜிக்கும் சிக்கும் தலா 0.325, ஏக்கும் டிக்கும் தலா 0.175. நம் முகவரியில் வேண்டிய பத்து எழுத்துகளில் எட்டு, ஜி அல்லது சி. கணக்கைத் திரும்பப் போட்டால் தற்செயல் பொருத்தங்கள் சுமார் 18 ஆகின்றன! கால்குலேட்டரை எடுத்து நீங்களே சரிபாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புரதம் நம் ஆசிரியரைப் போல எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சில வேளை உட்கார்ந்துவிடும். எனவே ஒரு பிழையை அனுமதிப்போம் என்றால், எழுத்துகள் சமமாக வரும் எளிய கணக்கிலேயே தற்செயல் பொருத்தங்கள் சுமார் 140 ஆகிவிடும்.

இது மீனவரின் வலைக்கண் பிரச்சினை. கண் சிறிதாக இருந்தால் குப்பையும் சேர்ந்து வரும். பெரிதாக இருந்தால் மீனும் நழுவிவிடும்.

எல்லா எழுத்துக்கும் ஒரே எடை இல்லை

இதைச் சமாளிக்க உயிரியலாளர்கள் ‘இட எடை அட்டவணை’ என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். கேரி ஸ்டோர்மோவும் அவருடைய சகாக்களும் 1982-இல் ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. ‘பொருந்துகிறது, பொருந்தவில்லை’ என்ற இரண்டே பதிலுக்குப் பதிலாக, ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுப்பதே இதன் சாரம்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. மூன்றாம் இடத்தில் உள்ள ஜியை மாற்றினால் மரபணுவின் வேலை 100-இலிருந்து 5-க்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் ஜி இருந்தால் பெரிய கூட்டல்; வேறு எழுத்து இருந்தால் பெரிய கழித்தல். நான்காம் இடத்தை மாற்றினால் 100 என்பது 95 ஆகிறது என்றால், அங்கே எது இருந்தாலும் ஏறத்தாழ பூச்சியம். பதினாறு இடங்களின் மதிப்பெண்களையும் கூட்டினால் மொத்தம் வரும். தேர்வில் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பெண் கிடையாது அல்லவா? அதே போலத்தான்.

ஸ்டாஃபும் பாஸ்லரும் தங்கள் அளவீடுகளிலிருந்து இத்தகைய அட்டவணையைத் தயாரித்து, மரபணுத்தொகுதி முழுவதையும் கணினியில் அலசினார்கள்.

அதோடு இடமும் முக்கியம். சுவிட்ச் வீட்டுக் கதவருகே இருந்தால்தான் பயன். பிணைப்பிடமும் பொதுவாக ஒரு மரபணு தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் இருக்க வேண்டும். ஒரு மரபணுவின் நடுவில் உயர்ந்த மதிப்பெண்ணோடு ஓர் இடம் கிடைத்தாலும் அது பெரும்பாலும் தற்செயலே.

கணினி சொன்னது சரியா?

மாணவர்களே, இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். கணினி தருவது விடை அல்ல. எங்கே தேடலாம் என்ற பட்டியல் மட்டுமே. எந்தப் பட்டியலிலும் தற்செயல் பொருத்தங்கள் கலந்திருக்கும் என்பதை நம் கணக்கே காட்டிவிட்டது. அதனால்தான் அந்த இருவரும் கணினியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கணினி காட்டிய மரபணுக்களின் முன்பகுதிகளை எடுத்து, சிவிஆர் புரதம் அவற்றை நேரடியாக எழுப்புகிறதா என்று ஆய்வகத்தில் அளந்தார்கள்.

ஐந்து முன்பகுதிகள் உறுதியாயின. ஒன்று, கைட்டினேஸ் நொதிக்கானது. பூச்சியின் ஓட்டிலும் காளானின் சுவரிலும் உள்ள கைட்டினை அது உடைக்கும். இன்னொன்று, அக்கம்பக்கத்துச் செல்களைக் குத்தும் ஊசி போன்ற கருவியோடு தொடர்புடையது. மூன்றாவது, வேறு மரபணுக்களை ஆளும் இன்னொரு புரதத்துக்கானது. நான்காவது, குவானின் என்ற பொருளை மாற்றும் ஒரு நொதிக்கானது.

ஐந்தாவதுதான் சுவையானது: சிவிஐ! கூட்டத்துக்கு அறிவிக்கும் மூலக்கூறைத் தயாரிக்கும் அதே நொதி. அதாவது மூலக்கூறு சேர்ந்தால் சிவிஆர் விழிக்கிறது. சிவிஆர் விழித்தால் மூலக்கூறு இன்னும் கூடுகிறது. கோவில் திருவிழாவில் ஒருவர் நாலு பேரை அழைக்க, அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரை அழைப்பது போல. கூட்டம் ஒன்றாக விழித்துக்கொள்ள இந்தச் சுழற்சி துணைசெய்கிறது.

சாயம், பூச்சி ஓட்டை உடைக்கும் நொதி, குத்தும் கருவி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும் வேலைகள் எல்லாம் ஒரே சாவிக்குக் கட்டுப்பட்டவை என்பது இப்படித்தான் தெரியவந்தது.

கொல்லாமல் அடக்கலாமா?

அந்தச் சாவியைத் திருப்ப முடியாமல் செய்தால்? பாஸ்லரின் குழு 2009-இல் இதைச் செய்து காட்டியது. அறிவிப்பு மூலக்கூறைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு போலி மூலக்கூறைக் கொடுத்தபோது, இந்தப் பாக்டீரியாவால் சாக வேண்டிய சிறு புழுக்கள் காப்பாற்றப்பட்டன. 2011-இல் காரணமும் தெரிந்தது. டிஎன்ஏவைப் பிடிக்கப் புரத ஜோடியின் இரு கைகளும் ஏறத்தாழ 3 நானோமீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும். போலி மூலக்கூறைப் பிடித்த புரதத்தில் அந்த இடைவெளி இரு மடங்காகிவிட்டது. கைகள் விலகிப் போனால் முகவரியைப் பிடிப்பது எப்படி? நாம் முன்பு பார்த்த 10 எழுத்து இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதல்லவா?

இது பாக்டீரியாவைக் கொல்லும் முறை அல்ல; அதன் கூட்டுச் செயலைக் கலைக்கும் முறை. ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவரும் இக்காலத்தில் இந்த வழியையும் உலகெங்கும் ஆராய்கிறார்கள். புழுவில் பலித்தது மனிதரில் பலிக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு இன்னும் பல படிகள் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் தேவை. மெந்தகாப் பாக்டீரியாவுக்குச் செய்த கணிப்பை ஸ்கூடாய் யுடிஎம்5-க்கு அப்படியே ஒட்டிவிட முடியாது. ஒரே இனமானாலும் எழுத்துகள் அங்கங்கே மாறும். எடுத்துச் செல்லக்கூடியது முறையைத்தான்: அளப்பது, அட்டவணை போடுவது, அலசுவது, மீண்டும் அளந்து பார்ப்பது.

நீங்களே தேடுங்கள்

கீழே மூன்று கற்பனை முகவரிகள். முக்கியமான பத்து இடங்களில் எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணுங்கள்.

1. சி டி ஜி ஏ சி சி டி டி ஏ ஏ ஜி ஜி டி சி ஏ ஜி
2. சி டி ஜி டி சி சி ஏ ஜி டி ஏ ஜி ஜி சி ஏ ஏ ஜி
3. ஏ டி ஜி ஏ சி சி ஜி டி டி ஏ ஜி சி டி சி டி ஜி

விடை: 10, 9, 7. இப்போது யோசியுங்கள். இரண்டாவது ஒரு மரபணுவின் நடுவில் இருக்கிறது; மூன்றாவது ஒரு மரபணுவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆய்வகத்தில் ஒன்றைத்தான் சோதிக்க நேரமும் பணமும் உண்டு என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? இதற்கு ஒரே விடை கிடையாது. ஆய்வாளர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வியும் இதுதான். உங்கள் காரணத்தை நண்பரிடம் சொல்லி வாதாடிப் பாருங்கள்.

பைதான் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை. ஏடிசிசி 12472-இன் முழு மரபணுத்தொகுதியும் என்சிபிஐ தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்து எழுத்தும் பொருந்தும் இடங்களைத் தேட ஒரு சிறு நிரல் போதும். உங்களுக்குக் கிடைக்கும் எண்ணிக்கையை, மேலே நாம் கணக்கிட்ட 18-உடன் ஒப்பிடுங்கள். கூடவா, குறைவா? ஏன்?

பாக்டீரியாவை மட்டும் வீட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டாம். அது பாதுகாப்பான ஆய்வகத்தின் வேலை. தோட்டத்திலோ ஆற்றிலோ இறங்கும்போது கைகாலில் காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். எழுத்துகளைத் தேடும் வேலைக்கு ஒரு கணினியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.